பண்டிகைக்காலக் கொலைத்திகில் படங்களுக்குக் கருத்து எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பார்வையாளர்களே,

படம் முடிந்த சூடு ஆறுவதற்குள் அதைப் பற்றி நான்கு வரியாவது எழுதிவைத்துவிடும் உங்கள் அனைவருக்கும், குறிப்பாகப் பண்டிகை நாள்களைக் களமாகக் கொண்ட ஸ்லாஷர் படங்களை, அதாவது ஒரு கொலைகாரன் ஒவ்வொருவராக வெட்டிச் சாய்க்கும் திகில் படங்களைத் தேடிப் பார்த்து எழுதுவோருக்கு, இந்த மடலை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் இரவிலோ, ஹாலோவீன் இரவிலோ, காதலர் தினத்திலோ முகமூடி அணிந்த ஒருவன் ஆயுதத்தோடு புறப்படும் கதைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. அவற்றைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். எந்தப் படத்தைப் பார்ப்பது, எதைத் தவிர்ப்பது என்பதைப் பெரும்பாலும் உங்கள் சொல்லை நம்பியே முடிவு செய்கிறேன். அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். ஒரு படத்தை நீங்கள் மெச்சினாலும் ஏசினாலும், அந்தப் படத்துக்குள் பண்டிகை என்ன வேலை செய்கிறது என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்போது எழுதப்படும் கருத்துகளில் பெரும்பகுதி இரண்டு கேள்விகளையே சுற்றி வருகிறது. ரத்தம் போதுமான அளவு சிந்தியதா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள்; புனிதமான நாளை இப்படி இழிவுபடுத்தலாமா என்று மனம் புண்பட்டவர்கள் கேட்கிறார்கள். இவ்விரண்டுக்கும் விடை கிடைத்த பிறகும் படம் நல்ல படமா என்பது தெரியாமலே நிற்கிறோம். ஏனெனில் இவ்வகைப் படத்தின் உயிர், கொண்டாட்டமும் கொலையும் எந்த இடத்தில், எந்தக் காரணத்தால் சந்திக்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

1974-இல் பாப் கிளார்க் இயக்கிக் கனடாவில் வெளிவந்த ‘பிளாக் கிறிஸ்துமஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவியர் தங்கியிருக்கும் ஒரு வீடு, விடுமுறைக்காக ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பும் நேரம். ஒரு பெண் காணாமல் போகிறாள். ஆனால் எல்லோரும் எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும் நாளில் ஒருத்தி கண்ணில் படவில்லை என்பது யாருக்கும் உடனே உறைப்பதில்லை. அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தந்தை காத்துக் காத்துப் பார்த்துவிட்டு விசாரிக்கத் தொடங்கும்போதுதான் கவலை மெல்லத் தலைகாட்டுகிறது. காவல் நிலையத்திலோ, காதலனோடு எங்காவது போயிருப்பாள் என்று அலட்சியமாகச் சொல்லிவிடுகிறார்கள். விடுமுறை இல்லையென்றால் இந்தக் கதையே நகராது. பிற்பகுதியில் வாசலில் சிறுவர் சிறுமியர் நின்று கிறிஸ்துமஸ் பாடல் பாடுகிறார்கள். கீழே நாயகி கதவைத் திறந்து அதைக் கேட்டுக்கொண்டு நிற்க, அதே நேரத்தில் மாடி அறையில் ஒரு கொலை நடக்கிறது. அந்தப் பாட்டின் இனிமைதான் அலறலை மறைக்கிறது. காட்டப்படும் ரத்தம் மிகக் குறைவு. ஆனாலும் அந்தப் பாட்டுக்கும் அந்தக் கொலைக்கும் இடையே மாறி மாறிச் செல்லும் படத்தொகுப்பு எனக்குள் ஏற்படுத்திய அச்சத்தை, பின்னாளில் வந்த எத்தனையோ கோரக் காட்சிகள் ஏற்படுத்தவில்லை.

இந்தப் படத்தைப் பற்றி இன்றைக்கும் அடிக்கடி எழுதப்படும் குறை, கொலைகாரன் யார், அவனுடைய கதை என்ன என்று கடைசிவரை சொல்லவில்லை என்பது. அப்படி எழுதுவது உங்கள் உரிமை. ஆனால் அந்தக் குறையைத் தீர்த்துவைத்த படமும் நம்மிடம் இருக்கிறது. 2006-இல் கிளென் மார்கன் எடுத்த ரீமேக், அவனுடைய குழந்தைப் பருவம், குடும்பம், நோய், கொடுமை எல்லாவற்றையும் விரித்துக் காட்டியது. விளக்கம் கூடக்கூட அச்சம் குறைந்துபோனது என்பது என் தீர்ப்பு. இரண்டையும் பார்த்தவர்கள் தங்கள் கருத்தில் இந்த ஒப்பீட்டை இரண்டு வரியில் செய்தாலே, படிப்பவருக்கு எவ்வளவோ விளங்கிவிடும்.

2019-இல் சோஃபியா டகால் இயக்கிய மூன்றாவது வடிவத்தைப் பற்றி எழுதப்பட்டவை என்னை மிகவும் வருத்தின. 13 வயதுக்கு உட்பட்டோர் விஷயத்தில் பெற்றோரை எச்சரிப்பதோடு நிற்கும் பி.ஜி.-13 சான்றிதழோடு அமெரிக்காவில் வந்த படம் அது. ரத்தம் இல்லாத ஸ்லாஷர் எதற்கு என்று ஒரு சாரார் எழுதினார்கள். பெண்ணியப் பிரசங்கம் என்று இன்னொரு சாரார் ஒதுக்கினார்கள். கருத்து நல்ல கருத்து, ஆகவே படமும் நல்ல படம் என்று மூன்றாவது சாரார் தாங்கிப் பிடித்தார்கள். முதல் படத்திலேயே ரத்தம் குறைவுதான் என்பதை நினைவில் வைத்திருந்தால், ரத்தக் குறைவு மட்டுமே தோல்விக்குக் காரணமாக இருக்க முடியாது என்பது புரிந்திருக்கும். என் பார்வையில் அந்தப் படம் இடறிய இடம் வேறு. ஆள் குறைந்துபோன கல்லூரி வளாகம், பனி, தனிமை எனத் தொடக்கத்தில் விடுமுறைக் காலத்தை நன்றாகவே பயன்படுத்திய படம், இறுதிப் பகுதியில் அமானுஷ்ய விளக்கத்துக்குத் தாவியபோது, டிசம்பரில் நடந்தாலும் மே மாதத்தில் நடந்தாலும் ஒன்றுதான் என்ற நிலைக்கு வந்துவிட்டது. அதன் அரசியலோடு உடன்படுகிறவர்களும் உடன்படாதவர்களும் இந்தக் குறையை ஒரே மேசையில் அமர்ந்து பேசியிருக்கலாம். அப்படி ஒரு பேச்சு நடக்கவே இல்லை.

ஜான் கார்பெண்டரின் ‘ஹாலோவீன்’ 1978-இல் வெளிவந்தது. இலையுதிர்காலக் கதையைக் கலிஃபோர்னியாவில் வசந்த காலத்தில் படம்பிடித்தார்கள். சாயம் பூசிய இலைகளைத் தெருவில் இறைத்து, காட்சி முடிந்ததும் பொறுக்கியெடுத்து அடுத்த காட்சிக்கு மீண்டும் இறைத்தார்கள். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட படம் இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம், அந்த நாள் வெறும் தேதியாக இருந்தால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லோரும் முகமூடி அணியும் நாளில் முகமூடி அணிந்தவனை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. நாயகி உயிருக்குப் பயந்து அண்டை வீட்டுக் கதவைத் தட்டிக் கதறும்போது, உள்ளே விளக்கு எரிகிறது, திரை விலகுகிறது, பிறகு விளக்கு அணைந்துவிடுகிறது. விளையாட்டுக்காகப் பயமுறுத்தும் இரவில் உண்மையான அலறலும் விளையாட்டாகவே கேட்கிறது. பண்டிகையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு திகில் படம் எதையும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு எழுதப்படும் பாராட்டுகளில் இசையும் முகமூடியும் இடம்பெறும் அளவுக்கு இந்த விளக்கு அணையும் நொடி இடம்பெறுவதில்லை.

மனம் புண்பட்டவர்களின் கேள்விக்கு வருகிறேன். அதை நான் இலேசாக எண்ணவில்லை. 1984 நவம்பரில் ‘சைலண்ட் நைட், டெட்லி நைட்’ அமெரிக்காவில் வெளியானபோது, சாண்டா எனும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் உடையில் கோடரியோடு வரும் கொலைகாரனைக் காட்டிய தொலைக்காட்சி விளம்பரங்களைக் கண்டு பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். திரையரங்குகளின் முன் திரண்டு நின்றார்கள். சிறுவர்கள் விழித்திருக்கும் நேரத்தில் அந்த விளம்பரம் வீட்டுக்குள் வந்ததுதான் அவர்கள் சொன்ன முதல் குறை. அது நியாயமான குறை. இன்றைக்கும் நான் அவர்கள் பக்கம்தான். படத்தை வெளியிட்ட டிரைஸ்டார் நிறுவனம் சில நாள்களிலேயே விளம்பரத்தை நிறுத்தி, பிறகு படத்தையும் அரங்குகளிலிருந்து விலக்கிக்கொண்டது. அமெரிக்கத் திரை விமர்சகர்கள் ஜீன் சிஸ்கலும் ரோஜர் ஈபர்ட்டும் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் படத்தை எடுத்தவர்களைப் பெயர் சொல்லியே கண்டித்தார்கள்.

ஆனால் அந்தக் கோபம் விளம்பரத்தின் மீது எழுந்தது. தீர்ப்போ படத்தின் மீது எழுதப்பட்டது. சாண்டா உடையில் கொலை செய்பவன் திரைக்குப் புதியவன் அல்லன். 1972-இலும் 1980-இலும் அத்தகைய படங்கள் வந்திருந்தன, இப்படிப்பட்ட எதிர்ப்பு எழவில்லை. 1984-ஆம் ஆண்டுப் படத்தின் கதையோ, சாண்டா உடை அணிந்த ஒருவனால் பெற்றோரைப் பறிகொடுத்து, தவறு செய்தால் தண்டனை உறுதி என்று அடித்து வளர்க்கும் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த ஒரு சிறுவனைப் பற்றியது. வளர்ந்த பின் பொம்மைக் கடையில் அவனுக்கே அந்த உடையை மாட்டிவிடுகிறார்கள். நல்ல பிள்ளைக்குப் பரிசு, கெட்ட பிள்ளைக்குத் தண்டனை என்ற பண்டிகைக்கால மிரட்டலை ஒரு குழந்தை அப்படியே நம்பிவிட்டால் என்ன ஆகும் என்பதே படத்தின் விதை. அந்த விதையை ஒழுங்காக வளர்க்கும் திறமை படத்துக்கு இல்லை என்று நான் எண்ணுகிறேன். மலிவான காட்சிகளில் அது வீணாகிறது. ஆனால் இப்படி ஒரு குறையைச் சொல்லப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதே ஈபர்ட் ‘ஹாலோவீன்’ படத்துக்கு முழு நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தவர் என்பதையும் நினைவூட்டுகிறேன். வகையை வெறுக்காமல் ஒரு படத்தை வெறுக்க முடியும். அதற்குப் படத்தின் உள்ளே போய்ப் பேச வேண்டும்.

பண்டிகைக்கும் திகிலுக்கும் ஒட்டாது என்று எழுதுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் என்பது நீண்ட காலமாகப் பேய்க் கதைகளின் பருவமாகவும் இருந்திருக்கிறது. 1843-இல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதையே ஆவிகளின் கதைதான்; கேம்பிரிட்ஜ் அறிஞர் எம்.ஆர். ஜேம்ஸ் தம் பேய்க் கதைகளைக் கிறிஸ்துமஸ் நாள்களில் நண்பர்களைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டினார். ஸ்லாஷர் படங்கள் அந்த மரபின் நேர் வாரிசுகள் என்று சொல்ல மாட்டேன். நீண்ட இருட்டும் கூடியிருக்கும் குடும்பமும் அச்சக் கதையைத் தாமாகவே வரவழைக்கின்றன என்ற அளவில் உறவு உண்டு.

ஒரு படத்தின் எந்த வடிவத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். 1981-இல் வந்த ‘மை பிளடி வேலண்டைன்’ படத்தில் கொலைக் காட்சிகள் பல, வயதுச் சான்றிதழ் பெறுவதற்காக வெட்டப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு பகுதி 2009-இல்தான் மீட்கப்பட்டு வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அதை மொண்ணையான படம் என்று எழுதியவர்களும், மீட்டெடுத்த வடிவத்தைப் பார்த்து வியந்தவர்களும் உண்மையில் வெவ்வேறு படங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வெட்டியாலும் ஒட்டினாலும் மாறாத வலிமை அந்தப் படத்தில் ஒன்று உண்டு. சுரங்க ஊர் ஒன்றில், காதலர் தின நடனத்துக்குப் போகும் அவசரத்தில் மேற்பார்வையாளர்கள் மீத்தேன் வாயுவின் அளவைச் சோதிக்காமல் கிளம்பிவிடுகிறார்கள். தொழிலாளர்கள் பூமிக்கடியில் சிக்கிக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகள் கழித்து அந்த நடனத்தை ஊர் மறுபடியும் நடத்த முனையும்போது கொலைகள் தொடங்குகின்றன. ஒருவர் கொண்டாட, இன்னொருவர் மாண்ட கணக்கு தீராமல் இருக்கிறது. கொலைகளை எண்ணி மதிப்பிட்ட கருத்துகள் எதிலும் இந்த அநீதி கண்ணில் படாமலே போய்விடும்.

அண்மைப் படங்களில் ஈலை ராத்தின் ‘தேங்க்ஸ்கிவிங்’ (2023) இதே வழியில் நடக்க முயல்கிறது. அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலும் நாளின் இரவிலேயே தள்ளுபடிப் பொருளுக்காகக் கடைக் கதவை உடைத்துக்கொண்டு பாயும் கூட்டத்தில் மனிதர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள். அடுத்த ஆண்டு பழிவாங்கல் தொடங்குகிறது. அந்தத் தொடக்கக் காட்சியின் வேகத்தைப் படத்தின் பிற்பகுதி எட்டவில்லை என்றாலும், எந்த நாள், ஏன் அந்த நாள் என்ற கேள்விக்குப் படத்திடம் விடை இருக்கிறது. 2024 அக்டோபரில் வந்த டேமியன் லியோனின் ‘டெரிஃபையர் 3’ படத்திடம் அந்த விடை இல்லை என்பது என் எண்ணம். கொலைகாரனான கோமாளிக்கு சாண்டா உடை கிடைக்கிறது. அதற்கு மேல் கிறிஸ்துமஸ் அங்கே அலங்காரமாகவே நிற்கிறது. கணினி வரைகலையை நம்பாமல் கையால் செய்த ஒப்பனை நுட்பங்கள் வியக்கத்தக்கவை. சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகெங்கும் அதைப் போல் பல மடங்கு வசூலித்ததில் அந்த உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் அதைப் பற்றி நான் படித்த கருத்துகளில் பல, அரங்கில் யார் எழுந்து போனார்கள், யாருக்குக் குமட்டியது என்ற செய்தியோடு முடிந்துவிட்டன. அது படத்துக்குச் செய்யும் விளம்பரம். படிப்பவருக்கு அதனால் பயன் இல்லை.

கடைசியாக, உங்கள் கருத்தை நம்பிப் படத்தைத் தேர்ந்தெடுப்போரில் பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். சுவரொட்டியில் கிறிஸ்துமஸ் மரத்தைக் கண்டு விடுமுறை நாளில் குடும்பத்தோடு அமர நினைப்பவர் ஒருவர். நெருங்கியவரை அண்மையில் இழந்து, சில காட்சிகளைத் தாங்க முடியாத நிலையில் இருப்பவர் இன்னொருவர். குழந்தைகள் கொல்லப்படுகிறார்களா, பாலியல் வன்முறை காட்டப்படுகிறதா, விலங்குகள் வதைபடுகின்றனவா என்பதைக் கதையைக் கெடுக்காமல் ஒரு வரியில் சொல்லிவிட முடியும். ‘இதயம் பலவீனமானவர்களுக்கு அல்ல’ என்ற பொதுவான எச்சரிக்கை அவர்களுக்கு எதையும் சொல்வதில்லை. கொலைகாரன் யார் என்பதை மட்டும் தலைப்பிலோ முதல் வரியிலோ போட்டுவிடாதீர்கள். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, கருத்தின் கடைசிப் பத்தியில் பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருத்துகளை நம்பிப் படம் பார்க்கும் ஒருவர்