ஒலியைக் கூட்டினால் தீர்ந்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் செவிநலக் கட்டுரையில் ஒரு வரி: "இரைச்சலால் செவித்திறன் குறைந்தவர்களுக்கு ஒலியைக் கூட்டிக் கொடுத்தால் போதும், பழையபடி கேட்கலாம்." நீங்கள் படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

இயந்திரங்கள் ஓயாமல் ஓடும் கூடத்தில் வேலை பார்த்துக் காது கெட்டவன் நான். காது கேட்கும் கருவி வைத்ததும் சத்தம் வந்தது, சொல் வரவில்லை. தனி அறையில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசினால் புரிகிறது. நாலு பேர் கூடிவிட்டால் யார் என்ன சொன்னார்கள் என்றே தெரியாது. "கருவி வைத்துமா கேட்கவில்லை?" என்று வீட்டில் ஏற்கெனவே சலித்துக்கொள்வார்கள். இப்போது உங்கள் வரியையும் என்னிடம் படித்துக் காட்டுகிறார்கள்.

உள்காதின் சுருளில் ஒவ்வோர் இடமும் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கு உரியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடிப்பக்கம் கீச்சொலிக்கு, நுனி கனத்த ஒலிக்கு. அந்தச் சுருளில் ஒலி அலை ஓடும் விதத்தைக் காட்டிய பெக்கேசி என்ற விஞ்ஞானிக்கு 1961இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் அவர் பார்த்தவை பெரும்பாலும் இறந்தவர்களின் காதுகள். அவற்றில் அலை அகலமாகப் பரவித்தான் தெரிந்தது. உயிருள்ள விலங்குகளின் காதை அளந்தபோதுதான் அதன் கூர்மை வெளிப்பட்டது. சுருளில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச்செல்கள் உண்டு. அவற்றில் வெளி வரிசையில் இருப்பவை ஒலிக்கேற்ப நீண்டும் சுருங்கியும் மெல்லிய ஒலியை, அதற்குரிய இடத்தில் மட்டும், தூக்கிக் கொடுக்கின்றன. இரைச்சல் பெரும்பாலும் முதலில் அடிப்பது அவற்றைத்தான்.

அடித்தால் என்ன ஆகும்? 1978இல் லிபர்மன், கியாங் என்ற ஆய்வாளர்கள் பூனைகளில் இதைக் காட்டிவிட்டார்கள். நல்ல காதில் ஒரு செவிநரம்பு இழை தனக்குரிய அதிர்வெண்ணை மிக மெல்லிய ஒலியிலேயே பிடித்துக்கொள்ளும், மற்றதற்கு எளிதில் அசையாது. இரைச்சல் பட்ட காதில் அந்தக் கூர்மை போய்விடுகிறது. தனக்குரிய ஒலி பலமாக வந்தால்தான் இழை அசைகிறது. அதே இழை சம்பந்தமில்லாத தாழ்ந்த அதிர்வெண் ஒலிக்கு முன்போலவே, சில சமயம் முன்னைவிடச் சுலபமாக, பதில் சொல்கிறது. முள் சரியாக நிற்காத பழைய ரேடியோவில் இரண்டு நிலையங்கள் சேர்ந்து ஒலிக்குமே, அப்படி. அங்கே ஒலியைக் கூட்டினால் இரண்டும்தான் கூடும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் என்னால் ஒரு நாளும் ஓட்ட முடியாது. ஆனால் போன கூர்மையை அது திருப்பித் தருவதில்லை.

இது முதல் தடவையும் அல்ல. முன்பு உங்கள் கேள்வி-பதில் பகுதியில், பெரும் சத்தத்துக்குப் பின் காது அடைத்தால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும், கவலை வேண்டாம் என்று போட்டீர்கள். குஜாவாவும் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் இரண்டு மணி நேரம் வைத்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் செவித்திறன் அளவு பழையபடி திரும்பியது, மயிர்ச்செல்களும் பிழைத்தன. ஆனால் உயர் அதிர்வெண் பகுதியில் மயிர்ச்செல்லையும் செவிநரம்பையும் சேர்க்கும் இணைப்புகள் ஏறக்குறைய பாதி நிரந்தரமாக அழிந்திருந்தன. அன்றைக்கே எழுதினேன். கடிதம் வெளியாகவில்லை, பதிலும் வரவில்லை.

அப்புறம், உங்கள் இதழில் விலங்குகளின் காதைச் சோதிப்பதால் மனிதனுக்கு என்ன பயன் என்று ஒரு பத்தி. உயிரோடிருக்கும் மனிதனின் நரம்பு இழைக்குள் மின்முனையை யாரும் செருகிப் பார்க்க மாட்டார்கள். எனக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பூனைகள் வழியாகத்தான் நான் தெரிந்துகொண்டேன். கோழிக்குஞ்சின் காதில் அழிந்த மயிர்ச்செல் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. இதைக்கூட அந்தப் பத்தி சொல்லவில்லை. காது கேளாதவரைக் கேலி செய்யும் துணுக்குகளுக்கு மட்டும் உங்களிடம் எப்போதும் இடம் இருக்கிறது.

வேலை பார்த்த இடத்திலும் இதே அலட்சியம்தான். "கேட்கிறதா?" என்று பக்கத்தில் நின்று கேட்டார்கள். கேட்கிறது என்றேன், குறித்துக்கொண்டு போனார்கள். சத்தமில்லாத அறையில் பக்கத்தில் நின்று கேட்டால் யாருக்குத்தான் கேட்காது?

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள். "கருவி ஒலியைக் கூட்டும், இரைச்சலால் இழந்த, ஒலிகளைப் பிரித்தறியும் திறனை முழுதாக மீட்காது" என்று ஒரே வரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்