எங்க ரயில் சங்கத்தோட ஆண்டறிக்கை: ஓட்டுறவங்களும் பாதை போடுறவங்களும்

தலைவர் அண்ணனுக்கும், துணைத்தலைவர் அக்காவுக்கும், செயலவைக்காரங்களுக்கும், ஞாயித்துக்கிழமை பசியாறிட்டு வீட்ல இருக்காம சுங்கை சிப்புட் வரைக்கும் வந்திருக்கிற எல்லா உறுப்பினருக்கும் வணக்கம். போன வருஷத்து கூட்டக் குறிப்ப இப்பதான் வாசிச்சு ஏத்துக்கிட்டோம், கணக்க பொருளாளர் தனியா வாசிப்பாரு, அதனால நான் வருஷம் முழுக்க, கம்ப்யூட்டர்ல ரயில் ஓட்டுற நம்ம சிமுலேட்டர் சங்கத்துல என்ன நடந்துச்சுங்கறத மட்டும் சொல்றேன்.

சின்ன விஷயங்கள முதல்ல முடிச்சிடுறேன். கடை வீட்டு மாடியில மின்விசிறி மாத்தியாச்சு, சுவத்துல ஒழுகின இடத்துக்கு பூச்சு போட்டாச்சு. தாமான்ல ஒரு குடும்பம் பழைய கம்ப்யூட்டருங்கள குடுத்தாங்க, அதுங்க புது கேமெல்லாம் தாங்காது, ஆனா ஓப்பன் ரெயில்ஸ்ங்கற ரயில் சிமுலேட்டர் நல்லா ஓடுது, அது இலவசம், பழைய மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் பாதைங்களயும் அதுலயே ஓட்டலாம், பிரேக் கணக்கும் சக்கரம் வழுக்குற கணக்கும் பழசை விட எவ்வளவோ ஒழுங்கா இருக்கு. புதுசா சேந்தவங்கள்ல பாதிக்கு மேல இடைநிலைப்பள்ளி பிள்ளைங்க. சந்தா பாக்கி உள்ளவங்க தயவு செஞ்சு கட்டிடுங்க.

இனி பெரிய விஷயம். இந்த வருஷம் எந்தக் கூட்டத்த எடுத்தாலும் ஒரே வாக்குவாதம்தான், சிமுலேட்டர்னா நிஜ டிரைவர் மாதிரி ஓட்டணுமா, இல்ல மேசை மேல பொம்மை ரயில் வச்சு விளையாடுற மாதிரி இஷ்டத்துக்கு பாதை போட்டு ரசிக்கலாமா. நம்ம ஆளுங்களே பேரும் வச்சுட்டாங்க, கேப் பக்கம், டயல் பக்கம்னு. ட்ரெயின்ஸ் கேம் விளையாடுறவங்களுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியும். அதுல வண்டி ஓட்ட ரெண்டு முறை இருக்கு, ஒண்ணு கேப் முறை, த்ராட்டில், ரிவர்ஸர், பிரேக் எல்லாத்தயும் நீங்களே பாத்துக்கணும், இன்னொண்ணு டிசிசி முறை, திரையில ஒரு வட்ட டயல், வலது பக்கம் திருப்புனா முன்னாடி போகும், இடது பக்கம் திருப்புனா பின்னாடி போகும், நடுவுல கொண்டாந்தா நின்னுடும், பொம்மை ரயில் கண்ட்ரோலர் எப்படியோ அப்படியே.

இந்தப் பிரிவு இன்னிக்கு வந்ததுமில்ல. 2001-ல ரெண்டு கேமும் ஒரே வருஷத்துலதான் வந்துச்சு. மைக்ரோசாஃப்ட்டுக்காக குஜு கம்பெனி செஞ்சது 6 பாதையோட வந்து, செட்டில் கார்லைல், ஓடாக்யூ மாதிரி நிஜ லைன்ல உங்கள டிரைவர் சீட்டுல உக்கார வச்சுச்சு. ஆஸ்திரேலியா பிரிஸ்பேன்ல ஆரன் கம்பெனி செஞ்ச ட்ரெயின்ஸ், சர்வேயர்னு ஒரு கருவிய கையில குடுத்து இந்தா மண்ணு, இந்தா தண்டவாளம், நீயே போட்டுக்கன்னு விட்டுடுச்சு. அங்க பிரிஞ்சதுதான் நம்ம மாடி வரைக்கும் வந்திருக்கு.

கேப் பக்கத்துக்காரங்க சொல்றதுல நியாயம் நிறைய இருக்கு, அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். நீளமான சரக்கு வண்டியில காத்து பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னா, வண்டி முழுக்க ஓடுற குழாய்ல அழுத்தம் இறங்குனாதான் பிரேக் பிடிக்கும், ஏறுனா விடும், ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலயும் தனியா ஒரு காத்து டாங்கி இருக்கு, அடிக்கடி பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு ஓட்டுனா அந்த டாங்கி மறுபடி நிரம்புறதுக்கு நேரம் கிடைக்காது, கடைசியில காத்து தீந்து போய் பிடிய எவ்வளவு இழுத்தாலும் வண்டி கேக்காது. அமெரிக்காவுல கஹோன் கணவாய்ல ஒரு தண்டவாளம் 3% சரிவு, அதாவது 100 மீட்டர் போனா 3 மீட்டர் இறங்குது, அந்தப் பாதைய எஸ்பிஎம் பரீட்சை எழுதுற நம்ம பையன் ஒருத்தன் ஓட்டுறத எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம். மேல நல்லாதான் ஆரம்பிச்சான், வேகம் ஏறுனதும் பிரேக்க போட்டான், வேகம் குறைஞ்சதும் முழுசா விட்டான், மறுபடியும் போட்டான், மூணாவது தடவை பிரேக் அழுத்தம் காட்டுற முள்ளு பாதிக்கு மேல ஏறவே இல்ல, வேகம் மட்டும் ஏறிக்கிட்டே போவுது, பையன் முகம் வெளுத்து போச்சு. அவன் பின்னாடி நின்ன ரிட்டயர்டு அங்கிள், லாரி ஓட்டுனவரு, திட்டவே இல்ல, இன்ஜின் மோட்டாராலயே வேகத்த இழுத்துப் பிடிக்கிற டைனமிக் பிரேக்க முதல்ல பிடிச்சு வேகத்த கட்டி வச்சுட்டு காத்த கொஞ்சமா போட்டு அப்படியே வச்சிருக்கணும் தம்பின்னு சொல்லி மறுபடியும் மேலேர்ந்து ஓட்ட வச்சாரு. அந்த ஒரு மணி நேரத்துல அவன் கத்துக்கிட்டத டயல் முறையில வருஷக்கணக்கா ஓட்டுனாலும் கத்துக்க முடியாது, ஏன்னா அதுல சரிவும் பாரமும் கைக்கு தெரியவே தெரியாது.

அதுக்காக டயல் பக்கத்துக்காரங்க சோம்பேறிங்கன்னு போன கூட்டத்துல ஒருத்தர் சொன்னது சரியில்ல, அத இந்த அறிக்கையிலயே பதிவு பண்றேன். அவங்க ஓட்டுறதுக்காக வர்றதில்ல, கட்டுறதுக்கு வர்றாங்க. தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை பள்ளி விடுமுறை முழுக்க ஒரே தோட்டத்தத்தான் கட்டிக்கிட்டு இருந்துச்சு, வரிசையா பால்மரம், லயத்து வீடு, பால் கொட்டாய், மரத்தடியில முனியாண்டி, அதுக்கு நடுவுல ஒரு குட்டி லைன். வண்டிய டயல்ல மெதுவா ஓட விட்டுட்டு கேமராவ லயத்து வாசல்ல வச்சு பாக்கும். தோட்டம் இப்படித்தான் இருந்துச்சுன்னு எங்க பாட்டி சொன்னாங்கன்னு சொல்லுச்சு. அந்தத் தோட்டம் இப்ப வீடமைப்பு ஆயிடுச்சு, லயமும் இல்ல, மரமும் இல்ல. அந்தப் பிள்ளைகிட்ட போய் நீ பிரேக் அழுத்தம் பாக்கலன்னு மார்க் குறைக்க யாருக்கு மனசு வரும்.

ஆனா மார்க் குறைக்கிற பிரச்சனை வந்துச்சுதான். பாதை கட்டுற போட்டிக்கு விதி எழுதுனப்ப, கேப் பக்கம் குறைஞ்சபட்ச வளைவு அளவு வேணும்னு தீர்மானம் கொண்டாந்தாங்க. காரணம் இதுதான்: ட்ரெயின்ஸ்ல தண்டவாளம் இழுத்த இழுப்புக்கு வளையும், யாரும் தடுக்க மாட்டாங்க. பொம்மை ரயில்ல ஹெச்ஓ அளவு 1:87, கடையில வாங்குற செட்டுல வர்ற வளைவு பல நேரம் 457 மி.மீ. ஆரம், அத 87-ஆல பெருக்குனா 40 மீட்டர் கூட வராது, நிஜ எக்ஸ்பிரஸ் வண்டி அப்படி ஒரு வளைவுல திரும்பவே முடியாது. சின்னப் பிள்ளைங்க போட்ட பாதையில பாதிக்கு மேல இப்படித்தான் இருந்துச்சு. தீர்மானம் கிட்டத்தட்ட நிறைவேறுற நேரத்துல, பின்னாடி நாற்காலியில உக்காந்திருந்த தாத்தா கை தூக்கினாரு. பேத்திய கூட்டிட்டு வர்றவரு, உறுப்பினர் கூட இல்ல. கீழ்ப்பேராக் பக்கம் செம்பனைத் தோட்டத்துல லைன் வேலை பாத்தவரு. எங்க லைன் இப்படித்தான் வளையும், இத விட மோசமாவும் வளையும்னாரு. தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா மாதிரி தோட்டங்கள்ல செம்பனைக் குலைய சின்ன ரயில்லதான் மில்லுக்கு இழுப்பாங்க, நாட்டு ரயில்வேயான கேடிஎம் தண்டவாளத்து அகலம் 1000 மி.மீ., அந்தத் தோட்டத்து லைன் 700 மி.மீ.தான், இன்ஜினும் சின்னது, பெட்டியும் குட்டை, வாய்க்கா ஓரத்துலயும் மூலை மூலைக்கும் திரும்பிப் போவும். தண்டவாளத் துண்ட ஆளுங்களே தோள்ல தூக்கிட்டுப் போய் வெட்டு நடக்குற இடத்துல போட்டதயும், மழையில மண்ணு இளகி வண்டி சாஞ்சா கட்டை வச்சு நெம்பி ஏத்துனதயும் அவரு கையால காட்டி காட்டி சொன்னாரு. பொம்மைன்னு நாம ஒதுக்குன வளைவு நம்ம அப்பா தாத்தா நிஜமா வேலை பாத்த வளைவு. பொம்மையில இருக்கிற 40 மீட்டர் கேடிஎம்முக்கு பொய், தோட்டத்துக்கு பொய் இல்ல.

அதனால செயலவை முடிவு இது: போட்டியில எல்லாருக்கும் ஒரே வளைவு விதி கிடையாது. பாதை கட்டுறவங்க எந்த லைன், எந்தக் காலம், தண்டவாளம் எவ்வளவு அகலம்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுக்கணும், நடுவருங்க அத வச்சுத்தான் பாப்பாங்க. கற்பனை லைன்னா கற்பனைன்னு எழுதுனா போதும், அதுக்கு தனிப் பிரிவு உண்டு. தாத்தாவ கௌரவ உறுப்பினரா சேத்துக்கிறதுக்கும் இன்னிக்கு உங்க அனுமதி கேக்கிறோம்.

செயலாளரா இல்லாம ஒரு உறுப்பினரா என் கருத்தயும் சொல்லிடுறேன். ஜெர்மன்காரங்களுக்கு ஸூசிங்கற சிமுலேட்டர் இருக்கு, அமெரிக்க சரக்கு வண்டிக்கு ரன் எயிட் இருக்கு, இங்கிலாந்து லைனெல்லாம் டவ்டெய்ல் கம்பெனி வரிசையா வித்துக்கிட்டு இருக்கு. பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் ஏத்தத்த, பழைய ஒத்தை லைன்ல குகைங்களுக்குள்ள நுழைஞ்சு தைப்பிங் இறங்குற அந்தப் பாதைய யாரு நமக்கு செஞ்சு விப்பாங்க? இப்ப அங்க 3.3 கிலோமீட்டர் சுரங்கம் வந்து இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடுது, நல்ல விஷயந்தான், ஆனா பழைய லைன் கண்ண விட்டே போவுது. அத கேப்ல உக்காந்து நிஜமா ஓட்டணும்னா முதல்ல யாராவது பொம்மை மாதிரி மண்ண குமிச்சு மரத்த நட்டு தண்டவாளம் போட்டாகணும். டயல் பக்கம் இல்லாம கேப் பக்கத்துக்கு ஓட்ட பாதையே இல்ல, நம்ம ஊர பொறுத்தவரைக்கும் அப்படித்தான். நிலத்து ஏத்த இறக்கத்துக்கு 2000-ல நாசா விண்வெளி ஓடத்துலேர்ந்து அளந்த உயரக் கணக்கு இலவசமா கிடைக்குது, ட்ரான்ஸ்டெம்ங்கற மென்பொருள வச்சு ட்ரெயின்ஸுக்குள்ள கொண்டாந்துடலாம், மலை தானா எழுந்து நிக்கும், மிச்சத்த நாமதான் கட்டணும்.

விளையாட்டுலேர்ந்தே நிஜம் வந்த ஒரு விஷயமும் இருக்கு. ஒத்தை லைன்ல எதிரும் புதிருமா ரெண்டு வண்டி வராம இருக்க பழைய மலாயா ரயில்ல டோக்கன் முறை இருந்துச்சு, அந்தப் பகுதிக்கான டோக்கன் கையில இல்லாம டிரைவர் உள்ள போகக்கூடாது, ரெண்டு ஸ்டேஷன்லயும் இருக்கிற மெஷின் கம்பியால இணைஞ்சிருக்கும், ஒரு டோக்கன் வெளிய இருந்தா அடுத்தது வராது. சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷன்ல 2011 வரைக்கும் இப்படி கை மாத்துனாங்க. நாம ஓட்டுற கேமுங்கள்ல இது ஒழுங்கா இல்ல. நம்ம பசங்க ரோத்தான் பிரம்புல வளையம் கட்டி, அதுல ஒரு சாவிய மாட்டி, ஒரு மேசையிலேர்ந்து இன்னொரு மேசைக்கு நிஜமாவே எடுத்துட்டு ஓடுனாங்க, வளையம் கைக்கு வராம யாரும் சிக்னல தாண்டக் கூடாது. ரெண்டு பக்கத்துக்காரங்களும் சண்டை இல்லாம ஒண்ணா உக்காந்த ராத்திரி அதுதான். ஜப்பான்ல டைட்டோ கம்பெனி 1996-ல கொண்டாந்த டென்ஷா டே கோவும் ஆர்கேட் விளையாட்டுத்தான், ஆனா நேரம் தப்புனாலோ, பிளாட்ஃபாரத்துல கொஞ்சம் தள்ளி நிறுத்துனாலோ மார்க் போயிடும், எத்தனையோ சிமுலேட்டரு அவ்வளவு கண்டிப்பு காட்டாது.

தைப்பிங் போர்ட் வெல்ட் லைன சிமுலேட்டர்ல கட்டுற வேலை பாதி முடிஞ்சிருக்கு. 1885 ஜூன் 1-ல திறந்த நாட்டோட முதல் லைன், 13 கிலோமீட்டர் சுமார், ஈயம் ஏத்திட்டு போக போட்டது. தண்டவாளம் இப்ப இல்ல, போர்ட் வெல்ட்னு அப்ப சொன்ன கோலா செப்பத்தாங்ல பழைய பேர்ப்பலகை இன்னும் இருக்கு, அதுல தமிழும் இருக்கு. அந்தப் பலகைய பிள்ளைங்க நேர்ல போய் படம் எடுத்து, எழுத்து உரிஞ்ச இடம் கூட அப்படியே வர்ற மாதிரி செஞ்சிருக்காங்க, கண்டிப்பா திரையில பெருசாக்கி பாருங்க.

ஒரு விண்ணப்பத்த மட்டும் செயலவை ஏத்துக்கல. சயாம் பர்மா ரயில்பாதைய, 415 கிலோமீட்டர், ஓட்டுற போட்டியா, மார்க்கோட வைக்கலாம்னு ஒரு உறுப்பினர் கேட்டாரு. நல்ல எண்ணத்துலதான் கேட்டாரு. ஆனா 1942, 43-ல அந்தப் பாதைய போட ஜப்பான்காரங்க தோட்டம் தோட்டமா நம்ம சனங்கள லாரியில ஏத்திட்டுப் போனாங்க, திரும்பாதவங்க எத்தனையோ ஆயிரம், நம்ம கிழக்குக்கரை லைன் தண்டவாளத்தயே பிடுங்கிட்டுப் போய்தான் அங்க போட்டாங்க. இந்த மாடியில உக்காந்திருக்கிறவங்கள்ல நிறைய பேரு வீட்ல ஒரு பேரு அந்தப் பாதையில முடிஞ்சிருக்கு. அத நேரத்துக்கு போய் சேந்தா இத்தனை மார்க்குன்னு வைக்க முடியாது. முகாமும் பாலமும் இருந்த இடத்த காட்டுற, வண்டியே ஓடாத ஒரு பாதையா, பெரியவங்க சொன்ன விவரத்தோட கட்டுறதுன்னா சங்கம் முழு ஒத்துழைப்பு குடுக்கும், அவரும் அதுக்கு சரின்னு சொல்லிட்டாரு, விவரம் வச்சிருக்கிற குடும்பங்க தயவு செஞ்சு அவர பாருங்க.

வர்ற வருஷத்துக்கு: முதல் சனிக்கிழமை கேப் பயிற்சி, மூணாவது சனிக்கிழமை பாதை கட்டுறது, ரெண்டுக்கும் ரெண்டு பக்கமும் வரணும்னு கேட்டுக்கிறேன். பெராப்பிட் பழைய லைன் பத்தி படம், டைம்டேபிள், ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவங்க ஞாபகம், எது இருந்தாலும் குடுங்க, நகல் எடுத்துட்டு திருப்பித் தந்துடுவோம்.

கோப்பி தண்ணி, பலகாரம் பாத்துக்கிட்ட அக்காமாருக்கும், கம்ப்யூட்டர் பழுது பாத்த தம்பிக்கும், ஒவ்வொரு வாரமும் கதவ திறந்து மூடுன துணைச்செயலாளருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னிக்கு தேர்தல் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டு விவரம் போகணும், அதனால புது செயலவைக்கு வர்றவங்க அடையாள அட்டை (ஐசி) நகல் ஒண்ணும் வீட்டு முகவரியும் கூட்டம் கலையறதுக்குள்ள என்கிட்ட குடுத்துட்டுப் போங்க.

இப்படிக்கு,
செயலாளர்