உளுந்தூர்பேட்டை அருகே லாரியை நிறுத்திய அண்ணனுக்கு

போன சனிக்கிழமை விடியற்காலை, சென்னை வரும் வழியில், உளுந்தூர்பேட்டை தாண்டி எங்கள் கார் சென்டர் மீடியனில் மோதியது. அப்பாவின் நெற்றியில் ரத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை.

அண்ணா, யாரும் கூப்பிடாமலே ஓடி வந்தீர்கள். முதலில் இன்ஜினை அணைத்தீர்கள். பின்னால் வரும் வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று வேப்பங்கிளையை ஒடித்து ரோட்டில் போட்டீர்கள். அப்பாவை வெளியே இழுக்கப் போன என்னைத் தடுத்து, "கழுத்துல அடி பட்டிருக்கலாம் தம்பி, அசைக்காதீங்க" என்றீர்கள். உங்கள் துண்டை மடித்துக் காயத்தில் அழுத்தியபடியே 108-க்குப் பேசி, கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடம் சொன்னீர்கள். எனக்கு அது தோன்றியே இருக்காது. இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று, காரை நகர்த்தும் முன் போட்டோவும் எடுக்கச் சொன்னீர்கள். தமிழ்நாட்டில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியா என்று கேளுங்கள் என்றதும் நீங்கள்தான்.

உதவுபவர்களுக்கு 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது என்று பிறகுதான் படித்தேன். நீங்கள் அதையெல்லாம் யோசித்து நிற்கவில்லை.

அப்பா நலம், ஆறு தையல். உங்கள் பச்சைத் துண்டை அம்மா துவைத்து வைத்திருக்கிறார். அந்த ரூட்டில் ஓட்டும் அண்ணன்கள் யாராவது இந்த லாரி அண்ணனிடம் சொல்லுங்களேன்.