ஹிட்ச் கனெக்டர் ஒயரிங் பழுது: வாரண்டி மறுத்ததற்கு எதிரான புகார்

அனுப்புநர்:
ஃபைபர் வள்ள உரிமையாளர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: என் வள்ளத்தை ஏற்றும் டிரெய்லருக்காக, எஸ்யூவியின் ஹிட்ச்சில் (டிரெய்லரைக் கோக்கும் இணைப்பில்) நீங்கள் பொருத்திய ஒயரிங் கிட்டின் கோளாறுகள்.

ஐயா,

வாரண்டி கிடையாது என்று நீங்கள் அனுப்பிய பதிலில் காரணம் ஒரே வரி: "கடல்நீரால் ஏற்பட்ட சேதம்." சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு பூத்திருப்பது உண்மைதான். ஆனால் என் புகாரின் முக்கியமான கோளாறுகளுக்கும் அந்தக் களிம்புக்கும் சம்பந்தம் இல்லை. வண்டி உங்கள் ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வந்த அன்றே அவை இருந்தன. இந்தக் கடிதத்தை, கிட்டைப் பொருத்திய எலக்ட்ரீஷியனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் பிரேக் லைட். பிரேக் மிதித்தால் டிரெய்லரில் சிவப்பு எரிவதில்லை. இரண்டு பக்க மஞ்சள் இண்டிகேட்டரும் விடாமல் எரிகின்றன. இடது இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே பிரேக் மிதித்தால் இடது விட்டு விட்டு எரிகிறது, வலது விடாமல் எரிந்தபடியே நிற்கிறது. காரணம் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். நீங்கள் போட்டிருப்பது அமெரிக்க முறை நாலு ஒயர் கிட்: வெள்ளை எர்த், பிரவுன் டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. அந்த முறையில் பிரேக்கும் இண்டிகேட்டரும் டிரெய்லரில் ஒரே சிவப்பு பல்பில் ஓடும். அதற்காகத்தான் கிட்டில் உள்ள கறுப்புப் பெட்டி பிரேக் சிக்னலை இரண்டு இண்டிகேட்டர் ஒயரிலும் கலந்து விடுகிறது.

என் டிரெய்லரில் பிரேக் தனி, இண்டிகேட்டர் தனி. பிளக் ஏழு பின். டிரெய்லர் பிளக்குக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 1724 வரிசைப்படி 1 இடது இண்டிகேட்டர், மஞ்சள் ஒயர். 2 ஃபாக் லைட், நீலம். 3 எர்த், வெள்ளை. 4 வலது இண்டிகேட்டர், பச்சை. 5 வலது டெயில், பிரவுன். 6 பிரேக், சிவப்பு. 7 இடது டெயில், கறுப்பு. நாலு ஒயரை ஏழு பின்னாக்க நடுவில் ஒரு அடாப்டரை மாட்டிவிட்டால் 6-ஆம் பின்னுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தாயிற்று, 6-ல் ஒயரே இல்லை. இல்லாத ஒயரை உப்பு எப்படித் தின்னும்?

பாம்பன் சாலைப் பாலம் 2 கி.மீ.க்கும் அதிக நீளம், போக ஒரு தடம், வர ஒரு தடம். இரவில் மீன் லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு வரும்போது, சிவப்புக்குப் பதில் மஞ்சள் எரிந்தால் அந்த டிரைவர் என்ன புரிந்துகொள்வார் என்று யோசியுங்கள்.

அடுத்தது எர்த். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் மங்கலாகச் சேர்ந்து துடிக்கிறது. எர்த் சரியில்லாவிட்டால் கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகத் திரும்பப் பார்க்கும்; அதன் அடையாளம் இது. எல்லா லைட்டையும் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் டிரெய்லரின் எர்த் ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் 1.9 வோல்ட் காட்டுகிறது. 0.2 அளவில் இருக்க வேண்டியது. பம்பருக்குப் பின்னால் பெயிண்ட் அடித்த பிராக்கெட்டில் ஒரு தகர ஸ்குரூவை இறக்கி வெள்ளை ஒயரை அதில் சுற்றியிருக்கிறார்கள். பெயிண்டைச் சுரண்டவில்லை, லக் (ஒயர் முனையில் போடும் உலோக வளையம்) இல்லை, ஸ்டார் வாஷர் இல்லை. இத்தனை நாளும் ஹிட்ச் பந்து வழியாகத்தான் கரண்ட் திரும்பியிருக்கிறது. பந்தில் கிரீஸ் தடவியதும் அதுவும் போயிற்று. தடவச் சொன்னது உங்கள் கையேடுதான்.

டெயில் லேம்ப் ஒயரில் போட்ட இணைப்புகள் இன்னும் மோசம். உறையைக் குத்தி ஒயரோடு ஒயரை இணைக்கும் நீலக் குத்துக் கிளிப் 1.5 முதல் 2.5 சதுர மி.மீ. ஒயருக்கானது. வண்டியின் லேம்ப் ஒயர் அதைவிட மெல்லிசு; கிளிப்பின் பல் சரியாகக் கடிக்காமல் ஆடுகிறது. கடித்த இடத்தில் உறை கிழிந்து, ஈரம் செம்பு இழைகளுக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. போதாததற்கு அந்தக் கறுப்புப் பெட்டி பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுப்பதில்லை. டிரெய்லரின் 21 வாட் பல்பு, அதாவது 1.75 ஆம்பியர், வண்டியின் சொந்த பல்போடு சேர்ந்து பாடி கண்ட்ரோல் மாட்யூலின், அதாவது வண்டியின் லைட்டுகளை இயக்கும் கம்ப்யூட்டரின் தலையில் விழுகிறது. அது எரிந்தால் ஆகும் செலவு உங்கள் கிட்டின் விலையைப் போல் பல மடங்கு.

இப்போது உப்புக்கு வருகிறேன். "படகு டிரெய்லருக்கு" என்று உங்கள் பில்லிலேயே எழுதியிருக்கிறது. வாடைக் காற்று கிளம்பினால் வடகடலிலிருந்து தென்கடலுக்கு வள்ளத்தை மாற்றும் ஊரில் டிரெய்லர் தண்ணீரில் இறங்காமல் எப்படி இருக்கும்? சாக்கெட்டின் பின்பக்கம் ரப்பர் மூடி இல்லை, வாய் மேல்நோக்கி இருக்கிறது, ஒயர் போகும் டியூபில் தண்ணீர் வடிய வழியில்லை. டிரெய்லரைக் கடலில் இறக்கும் முன் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. கரண்ட் ஓடும் பின் உப்புத்தண்ணீரில் நனைந்தால் பாசிட்டிவ் பக்கம் அரித்துப்போகும். சூடான பல்பு நனைந்தால் வெடிக்கும். படகுக்காரருக்கு விற்கிறவர்கள் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

நான் கேட்பது: பேட்டரியிலிருந்து நேர் சப்ளை எடுக்கும் ரிலே பெட்டி; பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்பியர் பியூஸ்; சப்ளைக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர், ஏழு பின்னுக்கும் முழு ஒயரிங், பெயிண்ட் சுரண்டிய சேஸிஸில் லக் வைத்த எர்த், மேலே வாசலின். குத்துக் கிளிப்புகளை எடுத்துவிட்டு, கிழிந்த இடங்களை சால்டர் செய்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுத் தர வேண்டும். முடியாது என்றால் கிட்டின் விலையையும் பொருத்திய கூலியையும் திருப்பித் தாருங்கள்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. கழற்றிய ஸ்குரூவும் கிளிப்புகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
வள்ள உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், சாக்கெட்டின் உட்புறம், எர்த் ஸ்குரூ, மீட்டர் அளவு ஆகியவற்றின் படங்கள்.