அழுதால் தூக்குவதா, விடுவதா?

டேய் ரகு,

இவ்வளவு நாளாகப் பதில் இல்லை என்று நீ திட்டி அனுப்பிய குரல் பதிவை வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள், மாமி உட்பட. திருப்தியா? இங்கே எல்லோரும் சுகம். பிள்ளை அப்பனைப் போல இல்லை, வடிவாக இருக்கிறாள். வெள்ளவத்தை நெரிசல் வழக்கம் போலத்தான்.

எழுத வந்த விஷயம் வேறு. பிள்ளை அழுதால் உடனே தூக்குவதா, கொஞ்சம் விட்டுப் பார்ப்பதா என்று வீட்டில் ஒரே சண்டை. "கைச்சூட்டுக்குப் பழக்கிப்போட்டு நாளைக்கு ஆர் தூக்குறது?" என்பது மாமியின் கட்சி. ஆனால் சிணுங்கல் கேட்டால் முதலில் ஏணையடியில் நிற்பதும் அவர்தான்! வசந்தி தூக்குகிற கட்சி. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டுகிறேன்.

ஒன்றைப் பிடித்தால் நான் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும்தானே, இரவில் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு தேடித் தேடி வாசித்தேன். மேரி ஐன்ஸ்வர்த் என்று ஒரு உளவியலாளர், முதலில் உகண்டாவில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனித்தவர், பிறகு அமெரிக்காவில் பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். சில்வியா பெல்லோடு சேர்ந்து 1972இல் எழுதியதன் சாரம், ஆரம்ப மாதங்களில் அழுகைக்கு உடனே போன தாய்மாரின் பிள்ளைகள் ஒரு வயதை நெருங்கும்போது குறைவாகவே அழுதார்கள் என்பது. மாமிக்கு வாசித்துக் காட்டினேன். "26 பேரைப் பார்த்திட்டு உலகத்துக்கே சொல்லுறாவோ?" என்றார். சிரிக்காதே, கேள்வி நியாயம். 1991இல் நெதர்லாந்தில் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு வரவில்லை. சின்னச் சிணுங்கலுக்கெல்லாம் பாய்ந்து போகாமல் இருப்பதும் நல்லதாக இருக்கலாம் என்றார்கள். இதை மாமிக்குச் சொல்லவில்லை, நீயும் வாயை வைத்துக்கொண்டு இரு.

மண்டையில் நின்றுவிட்டது எட்வர்ட் ட்ரொனிக் என்ற இன்னொரு உளவியலாளர் 1970களில் செய்த பரிசோதனைதான். கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் அசைவே இல்லாமல் இருக்கவேண்டும், சில நிமிடம்தான். பிள்ளை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். போனில் ஒபிஸ் மெயில் பார்க்கிறவன் முகமும் அப்படித்தானே மச்சான் இருக்கும்? ஆறுதலும் அவரே சொல்கிறார்: நல்ல தாயும் பிள்ளையும்கூடப் பெரும்பாலான நேரம் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லையாம், பிசகியதும் திரும்பச் சேர்ந்துகொண்டால் போதுமாம்.

சரி, உண்மையான கவலைக்கு வருகிறேன். வசந்தியின் 84 நாள் லீவு அடுத்த மாதம் முடிகிறது, மாமியும் ஊருக்குப் போகவேண்டும். ஒரு டேகெயார் போய்ப் பார்த்தோம். கமரா, ஏசி, சுவரெல்லாம் முயல் படம். எத்தனை கைக்குழந்தைக்கு ஒரு ஆள் என்று கேட்டேன், அந்த அம்மா சிரித்துவிட்டுக் கட்டண விபரத்தை நீட்டினார். கமராவில் அவள் அழுவதை ஒபிசில் இருந்து நான் பார்க்கலாம், சரி, பார்த்து? அதற்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

கல்லடியில் உன் பெரியம்மாவிடம் கேட்டுப் பாரேன், இங்கே வந்து தங்கிப் பிள்ளை பார்க்க நம்பிக்கையான ஒரு ஆள் கிடைப்பாரா என்று. சமைக்கத் தேவையில்லை, பிள்ளை கூப்பிட்டால் டிவியை விட்டுத் திரும்பிப் பார்த்தால் போதும். சம்பளத்தைப் பேசிக்கொள்ளலாம். இந்தக் கிழமைக்குள் பதில் போடு. வரும்போது தயிர்ச் சட்டி கொண்டு வா, ஆனால் வசந்திக்கு முன்னால் அந்தப் பேராதனை ரயில் கதையை எடுத்தாயோ, கதவே திறக்கமாட்டேன்.

உன்,
குகன்