சனிக்கிழமை டிராக்கன்ஸ்பெர்க் நடை: திட்டம் மாறுகிறது

வணக்கம் அண்ணன்மார், அக்காமார்.

நம்ம தென்னாப்பிரிக்க டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடரில், சென்டினல் சிகரம் வழியாகச் சங்கிலி ஏணி ஏறுவதை இந்த வாரம் விட்டுவிட்டேன். மேலே புதுப் பனி. ஏணிக் கம்பியில் ஐஸ் பிடித்திருந்தால் கையுறை வழுக்கும். கழற்றினால் விரல் விறைத்துவிடும்.

"ஆப்பிரிக்காவில் ஏது பனிச்சரிவு?" என்று ஒரு தம்பி கேட்டார். அரிதுதான். ஆனால் 2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி, டர்பன்–ஜோகன்னஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையே மூடி, வண்டிகள் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டன, மறந்துபோச்சா? 30 முதல் 45 டிகிரி சரிவு, இறுகிய பழைய பனிமேல் காற்று வாரிக் குவித்த புதுப் பனி, இவ்வளவு போதும். மேலே ஏறும் செங்குத்தான பிளவுகளில் இரண்டும் சேரலாம். காலடியில் 'தொம்' என்று சத்தம் கேட்டாலோ, கண்ணாடி விரிசல்போல் கோடு ஓடினாலோ, செல்ஃபி எடுக்க நிற்காமல் வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

இன்னொன்று. இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். தெற்கு பார்த்த சரிவில்தான் பனி நாள்கணக்கில் கிடக்கும். ஐரோப்பா வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பதிலுக்கு கத்தீட்ரல் பீக் அடிவாரத்தில் மட்டும் நடக்கிறோம். காலை 5 மணிக்கு டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பல். மலைப் பதிவேட்டில் பெயரும் திரும்பும் நேரமும் எழுதிவிட்டுத்தான் உள்ளே போவோம். ஜீன்ஸ் போடாதீர்கள், போன தடவை என்னுடையது நனைந்து பலகை மாதிரி ஆகிவிட்டது. கம்பளி சாக்ஸ் 2 ஜோடி, பிளாஸ்க் கொண்டுவாருங்கள். புளிசாதம் என் பொறுப்பு.

வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் போடுங்கள்.