உன் பழைய சைக்கிள் பெல்

அன்புள்ள கண்ணம்மா,

போன் அலாரத்தைத் தூக்கத்திலேயே அணைத்துவிட்டு மறுபடி படுத்துவிடுவதாகப் போன மாதம் சொன்னாய் அல்லவா? அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. கை நீட்டினால் எட்டுகிற பொருள், விரல் பட்டாலே அடங்குகிற சத்தம். அது எப்படி உன்னை எழுப்பும்? அதனால் உனக்கு நானே ஒரு கடிகாரம் செய்திருக்கிறேன். பதிவு செய்த சத்தம் இல்லை. நிஜ மணி, நிஜ அடி.

மணி எது தெரியுமா? நீ ஆறாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிளின் பெல். கிண்ணத்தை மட்டும் கழற்றி, உட்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். நீ விழுந்த அன்று விளிம்பில் பட்ட நசுங்கல் அப்படியே இருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்த மனம் வரவில்லை.

தாத்தாவின் சாவி கொடுக்கும் அலாரத்தைச் சிறுவயதில் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நேரம் ஓட ஒரு ஸ்பிரிங், மணி அடிக்கத் தனியாக இன்னொரு ஸ்பிரிங். இரண்டுக்கும் தனித்தனிச் சாவி. இதில் ஸ்பிரிங் செய்த வேலையைச் சாலினாய்டு செய்கிறது. கம்பிச் சுருள் ஒன்று, அதன் நடுவே ஓர் இரும்புத் தண்டு. 12 வோல்ட் கொடுத்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும். மறுமுனை வெளியே நீண்டு மணியைத் தட்டும். மின்சாரம் நின்றதும் சின்ன ஸ்பிரிங் ஒன்று அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் முதல் நாள் மணியிலிருந்து வந்தது 'டக்' என்ற சத்தம் மட்டும்தான், மரத்தில் தட்டியது போல. 100 மில்லிசெகண்ட் மின்சாரம் விட்டிருந்தேன். அவ்வளவு நேரமும் தண்டு மணியை அழுத்திக்கொண்டே நின்றால் மணி எப்படி அதிரும்? 60 ஆக்கினேன், 40 ஆக்கினேன். தண்டு முழுதாக நீண்டாலும் மணிக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிற்கும்படி சாலினாய்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். அந்தக் கடைசி இடைவெளியைத் தண்டு தன் வேகத்தில் தாண்டி, தொட்டவுடன் விலகிவிட வேண்டும். 25 மில்லிசெகண்டில் வந்தது பார், ஒரு 'டிங்'! சைக்கிளை நீ வாசலில் நிறுத்தும்போது கேட்ட அதே சத்தம். அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டு ஏழெட்டு முறை அடித்துக் கேட்டேன்.

அப்புறம் நட்டை இறுக்கினேன், சத்தம் மறுபடி செத்துப்போனது. கிண்ணத்தின் நடுப்பகுதி குறைவாகவும் விளிம்பு அதிகமாகவும் அதிரும். அதனால் பிடிப்பு நடுவில், அடி விளிம்பில். நடுவிலும் மரத்தோடு நேராக ஒட்டக்கூடாது என்று கம்பளித் துணியில் இரண்டு வட்டம் வெட்டி மேலும் கீழும் வைத்திருக்கிறேன். அங்கே வந்தபின் தளர்ந்திருக்கிறதே என்று நட்டை முறுக்கிவிடாதே.

சாலினாய்டுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற சுவிட்ச் போன்ற டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்தும் போனது. சுருளில் மின்சாரம் சட்டென்று நிற்கும்போது எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தம் கிளம்பும். அதற்கு வழிவிட, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுகிற டையோடு ஒன்று வேண்டும். நான் வைக்கவில்லை. இப்போது சாலினாய்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே இருக்கிறது, வெள்ளிக் கோடு போட்ட சின்னக் கறுப்பு உருளை. அதை மட்டும் எதற்காகவும் கழற்றாதே.

நேரம் பார்த்துக்கொள்வது டிஎஸ்3231 என்ற சிப். அதற்குள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று, அதாவது ஒரு விநாடி. வெயிலிலும் குளிரிலும் படிகத்தின் வேகம் மாறும் என்பதால் இந்தச் சிப் வெப்பநிலையையும் அளந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினாலே அதிகம். கரண்ட் போனாலும் காசு மாதிரியான பேட்டரி நேரத்தைக் காக்கும். எப்போது, எப்படி அடிப்பது என்ற மற்றதை ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை பார்த்துக்கொள்கிறது.

முதலில் ஒரே ஓர் அடி. ஓசை முழுதாக அடங்கியபின் இன்னொன்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி குறையும். திடுக்கிட்டு எழுந்தால் உனக்கு நாள் முழுக்கத் தலைவலி, எனக்குத் தெரியாதா? ஆனால் நிறுத்தும் பொத்தானை 3 மீட்டர் வயரில் வைத்திருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடு. எழுந்து நடந்துதான் ஆக வேண்டும்.

நம் மொழியில் நேரத்துக்கும் மணி, அடிக்கிறதற்கும் மணி. ஆங்கிலத்தின் 'கிளாக்' கூட மணியைக் குறிக்கும் 'குளோக்கா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். முள்ளும் முகப்பும் இல்லாமல் மணி மட்டுமே அடித்த கடிகாரங்கள் ஒரு காலத்தில் இருந்தன. உன்னுடையதிலும் முகப்பு வைக்கவில்லை. நேரம் பார்க்கத்தான் போன் இருக்கிறதே.

ஒரு வாரமாக உன் ஊர் நேரம் வைத்துத்தான் ஓட்டிப் பார்க்கிறேன். இங்கே மதியம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளிருந்து 'டிங்' என்று கேட்கும். சரி, பிள்ளை எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நாளை பார்சலில் போட வேண்டும். இன்னும் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறேனே.

அன்புடன்,
அம்மா